இசைத்தட்டும் நாகசுரமும்

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையவர்கள் நாகசுரத்தில் வாசித்த தோடி இராக ஆலாபனையைத் தாங்கிய பழைய இசைத்தட்டினை அறியாதார் நம்முள் அரியர். அத்தட்டின் இருபுறங்களையும் தொடர்ந்து கேட்பினும் ஏழு நிமிடம் நிறையுமுன் இசை முடிந்துவிடும். அப்பெரியாரே திருவிழாக் காலத்தில் சுவாமி வீதியுலா வருங்கால் அதே தோடியை மணிக்கணக்காக விரித்து வாசிப்பாரென்று நேரிற் கேட்டோர் பலர் சொல்லிச் சென்றனர். வீதியில் வாசித்தது காற்றோடு போயிற்று; தட்டில் அடங்கியது நின்றது. இற்றை இளைஞர் பலர் இராஜரத்தினத்தின் தோடியென்று அறிவது நின்ற அவ்வேழு நிமிடத்தையேயாம். ஒரு கலையுள் எப்பகுதி பின்னோர் கைக்கு வரும், எப்பகுதி மறையும் என்பதனைக் கலைஞனது திறமையோடு கேட்பார் விரும்பிக் கொள்ளும் கருவியும் உடனிருந்து முடிவு செய்கின்றதென்பது எம் கருத்து. இசையைத் தொழிலாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த நம் இசைவேளாளர் மரபினர்க்கு இஃது அயலார் ஆராய்ச்சியன்று. வயிற்றோடும் பெயரோடும் பட்டது. ஆதலின் அக்கருவிகளின் வரலாற்றை ஈண்டுச் சிறிது எழுதப் புகுந்தாம். நாதசுரம் என வழங்குவாரும் உளரேனும், நாகசுரம் என்னும் பழைய வழக்கினையே யாம் கொண்டாம்.

கருவிகள் தோன்றாத காலத்தில் இசை இருந்த இடத்திற்கு மக்கள் சென்றனர். பெரிய மேளத்தைக் கேட்க விரும்பியவன் கோயிலுக்கேனும் கலியாணப் பந்தலுக்கேனும் போதல் வேண்டும். சுவாமி புறப்படும்போது மல்லாரி முழங்கும். பின்னர் வீதியில் இராகம் தொடங்கும். தேரடியிலும் மண்டபத்தெதிரிலும் நாற்சந்தியிலும் சுவாமி நிற்குந்தோறும் ஆலாபனை வளரும். நடுவே தவிற்காரர் தனியே வாசிப்பர். உறங்காத கூட்டம் உடன் நகரும். அவ்விசையின் நீளத்தை அளந்தது கடிகாரமன்று, ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளே எனலாம். ஒரு வீதி கடக்கும் அளவும் ஒரே இராகத்தில் நிற்கும் ஆற்றல் நம் முன்னோர்க்கு அவ்வாறு வாய்த்தது. அறையுள் அமர்ந்து பாடுவார்க்கு நாகசுரக்காரர் இராக விரிவில் ஆசிரியராயினர் என்று இசையறிந்தோர் ஒப்புவதற்கும் காரணம் இதுவே.

இனி, கருவியின் கதை. அமெரிக்க நாட்டு எடிசன் என்பார் 1877ஆம் ஆண்டில் ஈயத்தகடு சுற்றிய உருளையொன்றிற் குரலைப் பதித்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். பின்னர் ஈயத்தகட்டிற்கு மாறாக மெழுகுருளை வந்தது. 1887இல் எமில் பெர்லினர் என்பார் உருளையை விடுத்துத் தட்டையான வட்டில் ஒலிவரை கீறும் முறைக்கு உரிமை பெற்றார். கிராமபோன் என்பது அவர் இட்ட பெயர். உருளைக்கும் தட்டிற்கும் பல ஆண்டுகள் போட்டி நிகழ்ந்தது. உருளைக்கு ஒரு பெருஞ்சிறப்பு இருந்தது. அதனை வாங்கியவன் தன் வீட்டிலேயே தன் குரலையும் பிறர் பாட்டையும் பதிந்துகொள்ளலாம். தட்டிற் பதிதல் வீட்டில் இயலாது. கேட்டல் ஒன்றே இயலும். ஆயினும் ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்காய்ப் படியெடுக்கத் தட்டே எளிது. அடுக்கி வைக்க இடமும் குறைவு. மக்கள் தட்டையே விரும்பினர். எடிசன் நிறுவனமும் 1929இல் அத்தொழிலை விட்டொழிந்தது. இத்தெரிவினால் நேர்ந்த பெரிய மாற்றம் ஒன்றுண்டு. பதிவு செய்யும் உரிமை வீட்டைவிட்டு நீங்கி, விற்போர் கையிற் சேர்ந்தது. எவர் பாட்டு, எத்தனை நிமிடம், எந்த இராகம் என்பன கடைக்காரர் கணக்காயின. ஒலிநாடா வரும்வரையில் ஏறக்குறைய அரைநூற்றாண்டு அந்நிலையே நீடித்தது.

நம் நாட்டிற்கு அத்தொழில் 1902இல் வந்தது. இலண்டன் கிராமபோன் கம்பெனியார் அனுப்பிய பிரெடு கைசுபர்க்கு என்பார் அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவிற் கௌஹர் ஜான் என்னும் அம்மையாரைப் பாடுவித்துப் பதிந்தார். பாட்டு முடிந்தவுடன் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறியிருப்பதனை இன்றும் அத்தட்டுகளிற் கேட்கலாம். பதிந்த மெழுகுவட்டுகள் ஜெர்மனி நாட்டு ஹனோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்று அங்கே அச்சிடப்பட்டமையின், பாடினவர் இன்னாரென்று ஆங்குள்ளோர் அறிதற்பொருட்டு அவ்வாறு கூறினர் என்பர். 1908 வாக்கிற் கல்கத்தாவிலேயே தட்டடிக்கும் ஆலை ஏற்பட்டது. அத்தட்டின் உடலும் பெரும்பாலும் நம் நாட்டு அரக்கே. அரக்கு இங்கிருந்து கடல் கடந்து சென்று, நம் பாட்டைச் சுமந்து மீண்டு வந்து, நம்மவர்க்கே விலையானது அக்கால வாணிகத்தின் இயல்பு.

சென்னையிலும் அடுத்த சில ஆண்டுகளிற் பதிவுகள் தொடங்கின. முதன்முதல் துணிந்து அக்குழாயின்முன் நின்று பாடியவர் எவர்? ஆடவராகிய பெரிய வித்துவான்கள் பலர் தயங்கினர். இயந்திரம் குரலை உறிஞ்சிவிடும், ஆயுள் குறையும் என்றெல்லாம் அஞ்சினரென்று கூறுவர். சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெண்மணிகளோ பாடினர். இவர்கள் கோயிலோடும் அரங்கோடும் இசையோடும் பிணைந்த மகளிர் மரபில் வந்தோர். அம்மரபினைக் குறித்து உலகம் எத்தனையோ இழிசொற்களைச் சொல்லிற்று. 1947இற் சென்னை அரசாங்கத்தார் பொட்டுக்கட்டுதலைச் சட்டத்தாற் றடுத்ததும் நன்றே. ஆயினும் தென்னாட்டு இசையிற் காலத்தை வென்று முதலில் நின்ற குரல்கள் அம்மகளிருடையவை என்பதனைச் சொல்ல நாம் நாணுதல் வேண்டா. தட்டின் நடுவிலொட்டிய தாளில் அவர்கள் பெயருக்குமுன் தந்தை பெயரில்லை, கணவர் பெயருமில்லை, ஊர்ப்பெயரே உள்ளது. ஊரே குலமாகப் பெயர் பெற்றவர் அவர்.

கோயமுத்தூர் தாயியின் தட்டொன்று செய்த வேலை வியப்பிற்குரியது. 1912ஆம் ஆண்டளவில் இந்தியா வந்து சென்ற மோரிசு டெலாழ் என்னும் பிரெஞ்சு இசையறிஞர் அத்தட்டினைக் கேட்டுக் கேட்டு ஆராய்ந்து, அதன்வழியே 'ராகமாலிகா' எனப் பெயரிட்டுப் பியானோவிற்கு ஒரு படைப்பு இயற்றினார். நம் ஓசையின் சாயல் தோன்றும் பொருட்டு, அப்பியானோவில் ஒரு சுரத்திற்குரிய தந்தியை அமுக்கி ஒலியை மாற்றி வாசிக்குமாறும் குறித்தார். தாயி 1917இற் காலமானார். பாரீசு நகரத்தார் பியானோவில் தம் பாட்டினைக் கேட்டனர் என்பதனை அவ்வம்மையார் அறிந்திருப்பாரோ, அறியோம்.

இத்துணை நன்மை செய்த தட்டு, கேட்கும் முறையை எவ்வாறு குறுக்கிற்று என்பதனை இனிப் பார்ப்போம். நிமிடத்திற்கு 78 சுற்று வீதம் சுழலும் பத்தங்குலத் தட்டில் ஒரு புறத்திற்கு மூன்று நிமிடம், சிறிது கூடின் மூன்றரை நிமிடம். பன்னிரண்டங்குலத் தட்டாயின் நான்கு, நாலரை. புறத்திற்குப் புறம் எஃகு ஊசியை மாற்றுதல் வேண்டும். சாவி கொடுத்தல் வேண்டும். இவ்வளவிற்குள் அடங்குமாறு கீர்த்தனத்தின் பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் விரைந்து பாடப்பட்டன. நிரவலும் சுரமும் ஒரு நிழல்போல் வந்து போயின. இராகம் முகங்காட்டி மறைந்தது. அம்மூன்று நிமிடத்தினுள் இராகத்தின் உயிர்நிலையை எடுத்துக்காட்டிய வல்லுநர் பலர் இருந்தனர் என்பது உண்மை. இராஜரத்தினம் பிள்ளையின் தட்டே அதற்குச் சான்று. எனினும் சிமிழுள் அடங்கியது கடலின் மணமேயன்றிக் கடலன்று.

ஓசையின் அளவும் ஒரு தடையாயிற்று. 1925 வரை மின்சார ஒலிவாங்கி பதிவுத்தொழிலுக்கு வரவில்லை. பாடுவோர் பெரிய குழாயின் வாயில் முகத்தை வைத்து உரக்கப் பாடினர். உரத்த குரலும் உரத்த கருவியும் பதிந்தன, மெல்லோசை பதியவில்லை. வீணை தனம்மாள் அவர்களை நினைத்துப் பாருங்கள். 1867இற் பிறந்த அவ்வம்மையார் சென்னை ஜார்ஜ் டவுனிலிருந்த தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வாசிப்பார். கேட்க வந்தோர் மூச்சையும் அடக்கி அமர்ந்திருப்பராம். அவ்வீணையைக் குழாய் எவ்வாறு கேட்கும்? மின்முறை வந்தபின், அவர் முதுமையெய்திய காலத்திற் சில தட்டுகளே எடுக்கப்பட்டன. 1938இல் அவர் மறைந்தார். அவர் கை வன்மையாயிருந்த நாட்களின் ஒலி ஒரு துளியும் இல்லை. நல்வினையாக அவர் பேர்த்தியர் பிருந்தாவும் முக்தாவும் அப்பாடாந்தரத்தைத் தொண்டையிற் காத்தனர். தட்டு தவறவிட்டதை ஒரு குடும்பம் காத்தது இவ்வாறு.

1930 முதலான ஆண்டுகளிற் கிராமபோன் பெட்டியின் விலை இறங்கிற்று. நாடகப் பாட்டுகளும் பின்னர்ச் சினிமாப் பாட்டுகளும் தட்டிலேறி ஊர்தோறும் சென்றன. 1933இல் இருபத்தேழாம் வயதில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை, அவரை மேடையிற் காணாத தலைமுறையும் அறிந்தது தட்டினாலன்றோ! வானொலியும் வந்தது. சென்னையில் 1924இல் ஓர் அன்பர் குழாம் ஒலிபரப்பைத் தொடங்கிச் சில ஆண்டுகளிற் பொருண்முடையாற் கைவிட்டது. 1930இல் நகரசபையார் அதனை ஏற்று நடத்தினர். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. வானொலி நமக்கு நன்மையே செய்ததென்பது எம் துணிபு. தட்டைப்போல் மூன்று நிமிடத்தில் அது கழுத்தைப் பிடிக்கவில்லை; வித்துவானுக்குச் சம்பாவனையும் அளித்தது; காலைதோறும் மங்கள இசையென நாகசுரத்தை ஒலிக்கச் செய்தது. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் அவர்களின் நாகசுரத்தோடு விழித்த வீடுகள் தமிழ்நாட்டிற் பலவாம். ஆயினும் அவ்வழக்கத்தால், நாகசுரமென்றால் விடியற்காலையில் ஐந்து பத்து நிமிடம் பின்னணியில் ஒலிப்பதென்னும் எண்ணமும் மக்கள் செவியிற் படிந்துவிட்டது.

இதற்கிடையே ஒலிபெருக்கிக்குழாய் ஊர்களிற் புகுந்தது. வாடகைக்கு மைக்செட் விடுவோர் கலியாண வீட்டு வேப்பமரத்திற் குழாயைக் கட்டி, முதல்நாள் மாலையே தட்டுப்போடத் தொடங்குவர். பந்தலில் மேளக்காரர் வந்தமர்ந்தபின்னும் குழாய் ஓயாது. கெட்டிமேளத்திற்கு மட்டும் கையமர்த்தி நிறுத்துவர். தாலி ஏறியதும் மீண்டும் போடுவர். நம் முதியோர்க்கு நேர்ந்த அவமதிப்புக்களுள் இதனைச் சிறியதென்று எண்ணற்க. அரைநாள் வாசிக்க வந்த வித்துவான் அரை நிமிட அடையாளமாகச் சுருங்கினான்.

நெடுநேரத் தட்டு அமெரிக்காவில் 1948இற் கொலம்பியா நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. நிமிடத்திற்கு 33⅓ சுற்று. ஒரு புறத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேல். நம் நாட்டிற்கு அது சில ஆண்டுகள் தாழ்த்தே வந்தது. இராஜரத்தினம் பிள்ளையோ 1956இல் மறைந்தார். தோடிக்கு ஏற்ற தட்டு பரவுமுன் தோடிக்கு உரியவர் போயினர். அவர் மாணவராகிய காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகசுரம் 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து நாடெங்கும் ஒலித்தது. 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்திற்கு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர் வாசித்தனர். இவற்றால் நாகசுரத்திற்குப் புதிதாய் வந்த காதலர் பல்லாயிரவர். இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். யாம் பெயர் குறித்தோர் யாவரும் நம் மரபினர் அல்லர். ஷேக் சின்ன மௌலானா சாகிபு அவர்களைப் போன்ற பிற சமயத்தாரும் இக்கருவியைத் தலைமேற் கொண்டு போற்றினர். கலை எவர் கையில் உயிரோடு இருப்பினும் நமக்கு உவகையே.

ஒலிநாடாவின் வரவே உண்மையான திருப்பம். ஜெர்மனியில் 1930-களில் உருவாகிப் போருக்குப்பின் உலகெங்கும் பரவிய காந்த நாடா, எடிசன் உருளைக்கிருந்த பழைய உரிமையை வீட்டிற்கு மீட்டுத் தந்தது. பெரிய சுருள் நாடாப்பெட்டி வாங்க வல்ல செல்வர் சிலர், 1950-களிலிருந்து கச்சேரிகளையும் கலியாண வாசிப்பையும் முழுமையாகப் பதிந்தனர். தனி ஆவர்த்தனம் வெட்டுண்ணாமல், இராகம் குறுகாமல், இடையே குழந்தை அழுவதும் 'பேஷ்' என்னும் குரலும் உட்பட அவை பதிந்தன. 1963இற் பிலிப்ஸ் நிறுவனத்தார் சிறிய கேசட்டை வெளியிட்டனர். 1980-களில் அது நம் சிற்றூர்கள்வரை எட்டியது. மலிவு, உடையாது, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு எவரும் படியெடுக்கலாம். ஓசை நயத்தில் தட்டுக்குத் தாழ்ந்ததாயினும் மக்கள் அதனையே விரும்பினர். கையாள எளியதே வெல்லும் என்பதற்கு இக்கருவி வரலாறு முழுதும் சான்று.

அக்கேசட்டே நம் வாழ்விற்குக் கூற்றாகவும் ஆயிற்று. மங்கள இசைக் கேசட் ஒன்று கையிலிருப்பின் சிறு கலியாணத்திற்கும் புதுமனை புகுவிழாவிற்கும் மேளக்காரர் எதற்கு என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டனர். சிறு கோயில்களில் மின்விசையால் முரசும் மணியும் தாமே அடித்துக்கொள்ளும் பெட்டி வந்தது. மூன்று காலமும் முறைமேளம் முழங்கிய சந்நிதிகளில் இன்று பொத்தானை அழுத்துகின்றனர். பழி முழுதும் கருவிமேற் சுமத்தல் நேர்மையன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சமீன்கள் ஒழிந்தன; கலைஞரைப் புரந்த குடும்பங்கள் நகரம் புகுந்தன; கோயில் மானியங்கள் வருவாய் குன்றின. ஆயினும் பாட்டனார் வாசித்த ஒலியைக் காசுக்கு வாங்கிப் போட்டுவிட்டுப் பேரனுக்கு வெற்றிலைபாக்கு மறுக்கும் நிலை நேர்ந்ததே, அதனை என்னென்பது! யாம் ஆசிரியத் தொழில் செய்யும் ஊரில், மேளம் முழங்கிய வீடுகளிற் பிறந்த சிறுவர் பலர்க்குச் சீவாளியைக் கண்ணாற் கண்டதன்றி வாயில் வைத்தறியார். அவர்கள் படித்து வேறு தொழில் சேர்தல் நல்லதே. வேறு வழியின்றி விடுதலும் விரும்பி விடுதலும் ஒன்றாகா என்பதே எம் வருத்தம்.

1982இல் ஒளித்தட்டு வந்தது. எழுபத்து நான்கு நிமிடம் இடையறாது ஒலிக்கும். 1990-களில் எம்.பி.3 என்னும் சுருக்கமுறை பரவிற்று. செவி பெரிதும் உணராதென்று கணித்த ஒலிக்கூறுகளைக் கழித்து, இசையைப் பன்மடங்கு சிறிதாக்கும் முறை அது. இன்று கைப்பேசியும் இணையமும் உள்ளார்க்கு உலகத்து இசையெல்லாம் உள்ளங்கையில். மேனாட்டில் மீண்டும் பழைய நெடுநேரத் தட்டை நாடுவோரும் பெருகினர். அமெரிக்காவில் 2020இல் தட்டு விற்பனைப் பணம் ஒளித்தட்டினதை விஞ்சிற்று, 1980-களுக்குப்பின் அதுவே முதன்முறை. உறையிலிருந்து எடுத்துத் துடைத்து ஊசியை வைத்து அமர்ந்து கேட்குங்கால் மனம் ஒன்றுகின்றதென்பர் அவர். அதில் உண்மையுண்டு.

நேர எல்லை இன்று முற்றும் நீங்கிவிட்டது. இரவு முழுதும் வாசித்த தோடியையும் ஒரு விரலளவுக் கருவியில் அடக்கலாம். ஆயினும் கேட்போர் விரும்புவது யாது? பாட்டின் ஒரு துண்டு; அதற்குள் பிடிக்காவிடின் அடுத்தது. அன்று அரக்கிட்ட எல்லையை இன்று நம் பொறுமையின்மை இடுகின்றது. அரக்கின் எல்லையை நாடா நீக்கிற்று. இதனை நீக்கும் கருவி யாதென எமக்குத் தோன்றவில்லை. வீட்டிற்கொரு மாலை, இளையோரை உடன் வைத்து, ஓர் ஆலாபனையைத் தொடக்கமுதல் முடிவுவரை கேட்பின் பழகும் என்பது மட்டும் எம் அனுபவம்.

கேட்பதற்குப் பொருள் வேண்டுமன்றோ? அது நம்மவர் இல்லங்களிலேயே உள்ளது. பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் சுருள் நாடாக்களும் கேசட்டுகளும் கிடக்கின்றன. நாடா ஈரத்தாற் பூஞ்சை பூக்கும், பூச்சு உதிரும். அத்தகையதனைப் பழைய இயந்திரத்திலிட்டு ஓட்டிப் பார்த்தல் ஆகாது. ஒருமுறை ஓட்டத்தில் அறுந்துபோதலும் உண்டு. அறிந்தாரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றுவித்தல் வேண்டும். கேசட்டாயின் பின்விளிம்பிலுள்ள இரு சிறு பற்களை ஒடித்துவிட்டால் தவறுதலாய் மேற்பதிவு விழாது. அரக்குத் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வைத்தல் நலம். தேய்ந்த ஊசியால் ஓட்டற்க.

தட்டுகளில் நாகசுரக்காரர் பெயர் இருக்கும். உடன் வாசித்த தவிற்காரர் பெயர் பலவற்றில் இராது. வீட்டுப் பதிவுகளின் உறைமேல் ஒருவேளை யாரேனும் பென்சிலால் எழுதியிருப்பர். அன்பர்கள் தம்மிடமுள்ள பதிவுகளின் ஊர், ஆண்டு, வாசித்தோர் பெயர் ஆகியவற்றைக் குறித்து நம் சங்கத்திற்கு விடுக்கும்போது, அப்பென்சில் எழுத்தினையும் உள்ளவாறே படியெடுத்து விடுக்குமாறு வேண்டுகின்றோம். ஒத்து ஊதியவர் பெயர் தெரியின் அதனையும் சேர்த்தெழுதுக.